‘தொடர்ச்சியான’ ஆறு மாதம்

1/ சட்டத்தில் வர்ற ஒரு பெயரடையைப் பத்தி டாக்டர் எதுக்குப் பேசணும்? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் தோல் ஷாப்பில் வேலை பார்த்துக் கை வெடிச்சு வர்றவங்களோட நஷ்டஈடு இந்த ஒரு சொல்லில்தான் தொங்குது. ‘கன்டினியுவஸ்’. தமிழில், ‘தொடர்ச்சியான’.

2/ ஓபி-யில் அடிக்கடி நடக்கிற பேச்சு இது.
“எத்தனை வருஷமா டிரம் வேலை?”
“பன்னெண்டு வருஷம் இருக்கும் டாக்டர்.”
“எந்தக் கம்பெனி?”
“ஒரே இடம்னு இல்லைங்க. மேஸ்திரி எங்க கூப்பிடுறாரோ அங்க. ரெண்டு மாசம் இங்க, மூணு மாசம் அங்க.”

3/ குரோமியத்தால் வரும் நோய்கள், 2025 வரை நடப்பில் இருந்த 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, ‘பி’ பகுதியில் இருந்துச்சு. ஒரே முதலாளியிடம் குறைந்தது ஆறு மாதம் ‘தொடர்ச்சியாக’ வேலை பார்த்திருந்தால், நோய் வேலையால் வந்ததுன்னு சட்டமே எடுத்துக்கும். இல்லைன்னு முதலாளிதான் நிரூபிக்கணும். ஆனா அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: அதே மாதிரி வேலையை வேறு முதலாளியிடம் பார்த்த காலம் சேராது. பன்னெண்டு வருஷம் அங்கேயே காணாமப் போகுது. நிரூபிக்கிற சுமை தொழிலாளி தலையில்.

4/ 1948 ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும் ‘தொடர்ச்சியான ஆறு மாதம்’ இருந்துச்சு. 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அதே சொல்தான்.

5/ இதைத் தமிழில் சிலர் ‘இடைவிடாத’ன்னும், சிலர் ‘இடையறாத’ன்னும் எழுதுறாங்க. மூணும் ஒண்ணு இல்லை. “நாலு நாளா தொடர்ந்து மழை”ன்னா நடுவில் வெயிலும் அடிச்சிருக்கலாம். “இடைவிடாத மழை”ன்னா விடவே இல்லை. “பத்து வருஷமா தொடர்ந்து சுகர் மாத்திரை சாப்பிடுறேன்”னு சொல்றவர் நடுவில் நாலு நாள் மறந்தா பொய் சொன்னவர் ஆயிடுவாரா?

6/ சட்டத்துக்கே இந்த வித்தியாசம் தெரியும். 1947 தொழில் தகராறுகள் சட்டம், பிரிவு 25-பி: உடம்பு சரியில்லாம, விபத்தில், அனுமதி பெற்ற விடுப்பில், கதவடைப்பில், தொழிலாளியின் தவறில்லாம வேலை நின்ற நாட்களில் சேவை முறிஞ்சதா ஆகாதுன்னு சொல்லுச்சு. பணிக்கொடைச் சட்டமும் அப்படித்தான் இருந்துச்சு. ஆர்டர் இல்லைன்னு ஷாப்பை மூடினதுக்குத் தொழிலாளியின் தொடர்ச்சி ஏன் அறுபடணும்? நோய் இழப்பீட்டிலும் இந்த விளக்கம்தான் வேணும்; அந்த அடைப்புக்குறி வரி போகணும்.

7/ மருத்துவம் என்ன சொல்லுது? குரோமியத்துக்கு ஒவ்வாமை ஒருதரம் வந்துட்டா பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும். வேலையை விட்டவருக்கும் குரோமில் பதனிட்ட தோல் செருப்பு போட்டாலே கால் அரிக்கலாம். நோய் எதிர்ப்பு செல்லுக்கு முதலாளி பேர் தெரியாது, கான்ட்ராக்ட் முடிஞ்ச தேதியும் தெரியாது. உடம்பில் கணக்கு ஒண்ணுதான். சட்டத்தில்தான் முதலாளிக்கு முதலாளி புதுக் கணக்கு.

8/ சட்டம் திருந்தும்வரை டாக்டர்கள் நாம செய்யக் கூடியது இருக்கு. சீட்டில் ‘எக்சிமா’ன்னு எழுதி ஆயின்மென்ட் கொடுத்து அனுப்பாதீங்க. எந்த வேலை, எந்த ரசாயனம், எந்த மாசத்திலிருந்து எந்த மாசம் வரை, எந்த இடம்னு எழுதுங்க. முடிஞ்சா பேட்ச் டெஸ்ட்.

9/ இன்னொண்ணு. 1948 தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 89: குரோம் புண்ணோ, வேலையால் வந்த தோல் அழற்சியோ பார்த்த டாக்டர் தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்கணும்னு சொல்லுச்சு. புதிய தொகுப்பிலும் இந்தக் கடமை இருக்கு. இதுக்கு ஆறு மாதக் கணக்கு கிடையாது. நம்மில் எத்தனை பேர் அனுப்பியிருக்கோம்?

10/ தொழிலாளர்களுக்கு: ஈ.எஸ்.ஐ. எண், பி.எஃப். எண், கூலிச் சீட்டு, கேட் பாஸ் எதையும் தூக்கிப் போடாதீங்க. நோட்டில் தேதி போட்டு எழுதி வைங்க. ‘தொடர்ச்சியான’ங்கிற சொல்லுக்கு நாளைக்கு உங்க பக்கம் பேசப் போறது அந்தக் காகிதங்கள்தான்.