ஏசி ஓடுகிறது, அறை குளிரவில்லையா?



ஏப்ரல் மாதத்தின் முதற் பாதியில் சூரியன் நம் நாட்டுக்கு நேர் மேலே வந்துவிடும். கிழக்கிலோ ஜூன், ஜூலை மாதங்களில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் இரவிலும் வெக்கை அடங்காது. இந்த நாட்களில்தான் பல வீடுகளில் ஏசியும் காலை வாரிவிடும். சத்தம் வரும், காற்றும் வரும், குளிர் மட்டும் வராது. திருத்துபவரை அழைத்தால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "கேஸ் முடிந்துவிட்டது" என்பதுதான். ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கேஸ் அடித்து, அடுத்த வருடமும் அதே பதிலைக் கேட்கும் வீடுகள் உண்டு. அந்தப் பணத்தைக் கொடுக்குமுன் நாமே பார்க்கக்கூடியவை எவை, கொடுக்கத்தான் வேண்டுமென்றால் எதைக் கேட்டுக் கொடுக்க வேண்டும் என்பதை இம்மாதம் பார்ப்போம்.

ஏசி செய்யும் வேலை

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. குசினியிலுள்ள குளிர்சாதனப் பெட்டியின் பக்கங்களையோ பின்புறத்தையோ தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளிருந்து எடுத்த வெப்பம்தான் அது. ஏசியிலும் இதே வேலை நடக்கிறது. உள்ளே சுவரிலுள்ள பெட்டி அறைக் காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கிறது. வெளியே உள்ள பெட்டி அதை வெளிக்காற்றில் விடுகிறது. இரண்டுக்கும் இடையே செப்புக் குழாய்களில் கேஸ் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பழுதை நீங்களே கண்டுபிடிக்கலாம். வெப்பத்தை எடுக்க முடியவில்லையா, வெளியே விட முடியவில்லையா, அல்லது சுமந்து செல்லும் கேஸ் குறைந்துவிட்டதா என்பதுதான் கேள்வி.

முதலில் பார்க்க வேண்டியவை

1. ரிமோட்: பிள்ளைகளின் கையில் அகப்பட்ட ரிமோட் எப்படியும் மாறியிருக்கும். பனிப்பூப் போன்ற அடையாளம் தெரிய வேண்டும். மின்விசிறி அடையாளம் மட்டும் தெரிந்தால் காற்று வருமே தவிர குளிர் வராது. நீர்த்துளி அடையாளம் ஈரத்தைக் குறைப்பதற்கானது. அறையின் வெப்பத்தைவிடக் குறைவான அளவில் வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். நிறுத்திவிட்டு உடனே போட்டால், வெளிப்பெட்டியிலுள்ள கொம்ப்ரசர் சுமார் மூன்று நிமிடம் கழித்தே ஓடத் தொடங்கும். அது பழுதல்ல, பாதுகாப்பு ஏற்பாடு.

2. பில்டர்: உட்பெட்டியின் முன் மூடியைத் தூக்கினால் வலை போன்ற வடிகட்டி இருக்கும். குளிர் குறைவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதிலுள்ள தூசுதான். ஏசியை நிறுத்திவிட்டுக் கழற்றி, தண்ணீரில் கழுவி, நிழலில் நன்கு காயவைத்துப் பூட்டுங்கள். தினமும் ஏசி போடும் வீட்டில் இரு வாரங்களுக்கு ஒரு முறை இதைச் செய்வது நல்லது.

3. வெளிப்பெட்டி: அதன் விசிறி சுழல்கிறதா? அதிலிருந்து வரும் காற்று சூடாக இருக்கிறதா? சூடாக வந்தால் வெப்பம் வெளியேறுகிறது என்று அர்த்தம். பெட்டியைச் சுற்றிச் சாமான்களை அடுக்கியிருந்தால், துணி காயப்போட்டிருந்தால், வெயிலுக்கென்று தகரத்தால் நெருக்கமாக மூடியிருந்தால், வெளியேற வேண்டிய சூடு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றை அகற்றுங்கள். மாடிச் சுவரில் பொருத்தப்பட்டிருந்தால் ஜன்னலால் எட்டிப் பார்த்துத் துப்பரவு செய்ய முயல வேண்டாம்.

காத்தான்குடி, கல்முனை, பேருவளை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று வெளிப்பெட்டியின் மெல்லிய அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். இங்கு அதைச் சற்று அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவுவிக்க வேண்டும்.

4. பனிக்கட்டி: உட்பெட்டியிலோ குழாயிலோ பனி படிந்திருந்தால் கத்தியால் சுரண்டாதீர்கள். ஏசியை நிறுத்தி, காற்று மட்டும் வரும் நிலையில் சில மணி நேரம் விடுங்கள். பில்டரைக் கழுவிய பின்னும் மீண்டும் பனி பிடித்தால், உள்ளே தகடுகளில் அழுக்கு அடைத்திருக்கலாம், அல்லது கேஸ் குறைந்திருக்கலாம்.

5. அறை: சுமார் 120 சதுர அடி அறைக்குப் பொதுவாக 9,000 பிடியு ஏசி போதும். ஆனால் மேலே அஸ்பெஸ்டஸ் கூரையோ, நாள் முழுக்க வெயில் விழும் கொங்கிரீட் தட்டோ இருந்தால் அது திணறும். பகலில் தடித்த திரைச்சீலை போடுங்கள், கதவடியிலுள்ள இடைவெளியை அடையுங்கள். இரவில் சரியாகக் குளிர்ந்து, நடுப்பகலில் மட்டும் குளிரவில்லையென்றால், இயந்திரத்தைவிட அறையின் மீதே சந்தேகம் கொள்ள வேண்டும்.

சிறியதொரு பரிசோதனை

ஏசியை மிகக் குறைந்த அளவில், விசிறியை வேகமாக வைத்து 15 நிமிடம் ஓடவிடுங்கள். அறை வெப்பமானி ஒன்றை, உட்பெட்டி காற்றை இழுக்கும் மேற்பக்கத்திலும், காற்று வெளிவரும் இடத்திலும் பிடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் சுமார் 8 முதல் 12 பாகை வித்தியாசம் இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது, குறை வேறெங்கோ இருக்கிறது. இரண்டு மூன்று பாகைதான் என்றால் திருத்துபவரை அழைக்க வேண்டியதுதான்.

குளிர் திடீரென ஒரே நாளில் நின்றதா, வாரக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைந்ததா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். திடீரென நின்றால் பெரும்பாலும் மின்சாரப் பக்கத்துப் பழுதாக இருக்கும். பல்லியும் எறும்பும் வெளிப்பெட்டிக்குள் புகுந்து கெடுப்பது நம் நாட்டில் சாதாரணம். சிறுகச் சிறுகக் குறைந்தால் தூசு, அல்லது கேஸ் கசிவு.

"கேஸ் முடிந்துவிட்டது" என்றால்

அடுப்புக் கேஸ் எரிந்து முடிவது போல ஏசியின் கேஸ் முடிவதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் ஓடுகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் அடிப்பது, ஓட்டை வாளியில் தண்ணீர் நிரப்புவதற்குச் சமம். ஆகவே தயங்காமல் இவற்றைக் கேளுங்கள்:

எங்கே கசிகிறது? குழாய் பொருத்துகளில் சவர்க்கார நுரை பூசினால் கசியும் இடத்தில் குமிழி வரும். எண்ணெய்ப் பிசுக்கும் ஓர் அடையாளம்.

கசிவை அடைத்தபின், குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வெக்கும் பம்பினால் இழுத்து எடுப்பீர்களா?

எந்த வகைக் கேஸ், எத்தனை கிராம்? இரண்டும் வெளிப்பெட்டியின் ஒட்டுத்தாளில் எழுதப்பட்டிருக்கும். பழைய ஏசிகளில் இருப்பது ஆர்-22. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987 ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் உடன்படிக்கைக்கு அமைய உலகெங்கும் படிப்படியாகக் கைவிடப்பட்டு வருகிறது. புதியவற்றில் ஆர்-410ஏ அல்லது ஆர்-32 இருக்கும். ஒன்றுக்குரிய ஏசியில் மற்றொன்றை அடிக்கவோ கலக்கவோ கூடாது. ஆர்-32 தீப்பற்றக்கூடியது. வேலை நடக்கும்போது அந்த அறையில் நுளம்புச் சுருள்கூட எரிய வேண்டாம்.

செய்த வேலையைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த வருடம் அது உங்களுக்குச் சாட்சி.

கை வைக்கக் கூடாதவை

வெளிப்பெட்டியைத் திறக்க வேண்டாம். அதிலுள்ள கெப்பாசிட்டர், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் சிறிது நேரம் அதிர்ச்சி தரக்கூடியது. விசிறி சுழலாமல் முனகும் சத்தம் மட்டும் வந்தால், எரியும் வாடை வந்தால், ட்ரிப் சுவிட்ச் திரும்பத் திரும்ப விழுந்தால், உடனே நிறுத்திவிடுங்கள். விழும் சுவிட்சை மறுபடி மறுபடி போடுவதும் ஆபத்து. மாலையில் மின்குமிழ்கள் மங்கும் வேளையில் மட்டும் ஏசி நின்று நின்று ஓடினால், மின்சாரம் 230 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே இறங்குகிறதா என்று மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு அளந்து பாருங்கள். குறைந்த மின்னழுத்தம் கொம்ப்ரசரைக் கெடுத்துவிடும்.

திருத்தும் வரை வீட்டிலுள்ள முதியோரையும் கைக்குழந்தைகளையும் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, முதியோருக்கு அடிக்கடி தண்ணீர் கொடுங்கள், குழந்தைக்கு அடிக்கடி பாலூட்டுங்கள். உடல் நெருப்பாய்க் கொதித்து, பேச்சுத் தடுமாறினால் தாமதிக்க வேண்டாம். உடம்பை நீரால் நனைத்து விசிறியபடியே 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

கோடை தொடங்குமுன், பெப்ரவரி மாதத்திலேயே ஒரு முறை ஏசியை முழுமையாகத் துப்பரவு செய்வித்து, மேற்சொன்ன பரிசோதனையையும் செய்து பார்த்துவிடுங்கள். திருத்துபவர்களுக்கு வேலை குறைந்த காலம் அது. ஆறுதலாகப் பார்ப்பார்கள், உங்களுக்கும் பேரம் பேச இடமிருக்கும்.