நிரம்பாத செப்டிக் டேங்க்கின் ரகசியம்

"வீடு கட்டி பதினைஞ்சு வருஷமாச்சு, ஒரு தடவைகூட லாரியைக் கூப்பிடல. மேஸ்திரி அப்படிக் கட்டிக் குடுத்திருக்கார்!" செப்டிக் டேங்க் பேச்சு வந்தால் இப்படிப் பெருமைப்படும் ஆட்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். ஆறு பேர் புழங்கும் வீட்டில் தொட்டி நிரம்பவே இல்லையென்றால், உள்ளே போனதெல்லாம் எங்கேதான் போயிற்று? ஆவியாகவா?

மரக்காணத்தையே எடுத்துக்கொள்வோம். கிழக்கே கடல், உள்ளே கழுவெளி, நடுவில் உப்பளங்கள், பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி. இந்த மாதிரி மணல் கரையில் நிலத்தடி நல்ல தண்ணீர் என்பது மழை கொடுத்ததுதான். உப்புத்தண்ணீர் கனம், மழைத்தண்ணீர் லேசு. அதனால் நல்ல தண்ணீர் பால் மேல் ஏடு மாதிரி உப்புத்தண்ணீர் மேல் மிதக்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். ஆக, அடிபம்பு எடுப்பதும் அந்த ஏட்டிலிருந்துதான், செப்டிக் டேங்க் ஒழுகுவதும் அதே ஏட்டுக்குள்தான்!

முறையான செப்டிக் டேங்க் என்றால் அடியும் சுவரும் நீர் கசியாமல் பூசியிருக்க வேண்டும். உள்ளே இரண்டு அறை. கசடு கீழே தங்கும், நுரை மேலே மிதக்கும், இடையில் தெளிந்த நீர் மட்டும் உறிஞ்சுகுழிக்குப் போகும். இதற்கு ஐ.எஸ். 2470 என்று இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது. பல வீடுகளில் இருப்பதோ நாலு சிமெண்ட் உறை, அடியில் வெறும் மணல், மேலே ஒரு மூடி. அது டேங்க் இல்லை, குழி. குழிக்கும் விதி உண்டு: அதன் அடிப்பகுதி நிலத்தடி நீருக்கு 2 மீட்டராவது மேலே இருப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் கடலோர மணலில் 2 மீட்டருக்கு எங்கே போவது? 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 50 செ.மீ. மழை கொட்டியது, மரக்காணம் உப்பளங்கள் மூழ்கின. அப்படி ஒரு வெள்ளத்தில் குழியும் கிணறும் ஒரே குளம்தான்.

'தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே' என்று சமாதானம் வேறு! நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால் பச்சைக்குழந்தையின் உடம்பு நீலம் பாரிக்கும் அபாயம் உண்டு.

அரசாங்கம் என்ன செய்தது? 2014லிருந்து வீட்டுக்கு 12,000 ரூபாய் கொடுத்துக் கக்கூஸ் கட்டி எண்ணிக்கை காட்டியது. கதவை எண்ணினார்கள், அடியில் இருப்பதை எண்ணவில்லை. 2017ல் கருங்குழியில் தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. நல்ல வேலைதான். ஆனால் லாரி கொண்டுவருவதைத்தானே அது சுத்தம் செய்யும்? அடியில்லாத குழியிலிருந்து லாரிக்கு என்ன கிடைக்கும்? (கழுவெளிப் பறவைகளுக்காவது 2021ல் சரணாலயம் கிடைத்தது!)

வழி இல்லாமல் இல்லை. லாரி வைத்து உறிஞ்சிவிட்டு அடியைப் பூச முடிந்தால் பூசலாம், முடியாவிட்டால் இடித்துக் கட்ட வேண்டும். உறிஞ்சுகுழியை பூமிக்குள் இறக்காமல் மேடாக எழுப்பலாம். முசிறியில் 2006லேயே மலத்தையும் சிறுநீரையும் தனியாகப் பிரிக்கும் கழிப்பறையைத் தரைக்கு மேலே கட்டிக் காட்டிவிட்டார்கள். எதுவானாலும் உள்ளே ஆளை இறக்கக் கூடாது. 2013ம் வருடச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது.

செலவு யாருடையது? மழை வந்தால் உப்பளம் நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். அதற்கு அரசு தரும் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய். அதை வாங்கும் குடும்பத்திடம் 'உன் காசில் டேங்க்கை இடித்துக் கட்டு' என்பது அநியாயம். கடற்கரைச் சாலையோர ரிசார்ட்டுகளும் பங்களாக்களும் தங்கள் காசில் செய்யட்டும், உப்பளத் தொழிலாளி வீட்டுக்கும் மீனவர் வீட்டுக்கும் அரசு முழுச் செலவையும் ஏற்கட்டும். யார் வீட்டில் ஆரம்பிப்பது என்று சர்வே எல்லாம் தேவையில்லை. 'கடைசியா எப்போ லாரி வந்துச்சு?' என்று கேட்டால் போதும். 'வந்ததே இல்லை' என்று யார் பெருமையாகச் சொல்கிறாரோ, அவர் வீட்டுக் குழியைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும்.