பாலைவனத்துக்குப் போனால் தண்ணீரைப் பார்த்துவிட்டு வாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன் போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படங்கள் போட்டிருந்தான். யூட்டா மாநிலத்தில் மோவாப் என்று ஒரு சின்னப் பாலைவன ஊராம். ஐயாயிரம் பேர்தான் குடியிருக்கிறார்களாம். செம்பாறை மேல் சைக்கிள் ஓட்டவும், ஜீப் ஏற்றவும், கொலராடோ ஆற்றில் படகு விடவும் உலகமே அங்கே வருகிறது. "பெரியம்மா, நம்ம நாட்டுல இப்படி ஒரு ஊர் இருக்கா?" என்று கேட்டிருந்தான்.

இருக்கிறது தம்பி. ராஜஸ்தானில் ஜெய்சல்மேர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 65,000. போன டிசம்பரில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் போய்விட்டு வந்தோம். அன்றிலிருந்து மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தை எழுத இதுதான் சாக்கு.

எங்களைக் கூப்பிட்டது என்னிடம் 1995-ல் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவன். எல்லைப் பாதுகாப்புப் படையில் இருக்கிறான். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "டீச்சர், ரிடையர் ஆகிட்டீங்க, இனி என்ன சாக்கு? நான் இங்க இருக்கறப்பவே வந்து பார்த்துட்டுப் போங்க" என்று நான்கு முறை போன் செய்தான். தர்மபுரியிலிருந்து பெங்களூரு, அங்கிருந்து ஜோத்பூர் ரயில், பிறகு இன்னொரு ரயில். முழங்கால் வலியோடு போய் இறங்கினோம்.

முதல் நாள் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். ஊரிலிருந்து 40 கிலோமீட்டரில் சம் என்ற கிராமத்தில் மணல்மேடுகள் இருக்கின்றன. ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களைத்தான் முதலில் தூக்கும். அது தெரியாமல் உட்கார்ந்திருந்த நான் அதன் கழுத்தின்மேல் விழப் பார்த்தேன். ஒகேனக்கல் பரிசலில் சுழலுக்குப் பக்கத்தில் போகும்போது வயிற்றைப் பிசையுமே, அதே பயம். ஜீப்பை மணல்மேட்டில் ஏற்றி இறக்கும் விளையாட்டுக்கு எங்கள் வீட்டுக்காரர் வரமாட்டேன் என்று கும்பிடு போட்டுவிட்டார். நான் போனேன். கத்தினேன். பிள்ளைகள் இதையெல்லாம் ஏன் விரும்புகிறார்கள் என்பது புரிந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அங்கே வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் மணலையும் கோட்டையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன என்றான் மாணவன். மறுநாள் அவன் எங்களைக் கூட்டிப்போனது தண்ணீரைக் காட்ட.

ஜெய்சல்மேரில் வருடத்துக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் 1156-ல் ராவல் ஜைசல் என்ற அரசர் கோட்டை கட்டி ஊரை உண்டாக்கினார். எட்டரை நூற்றாண்டு தாண்டியும் அந்த ஊர் இருக்கிறது. எப்படி? அதற்குப் பதில் ஊர் எல்லையில் இருக்கும் கடிசர் ஏரி. 14-ஆம் நூற்றாண்டில் கட்ஸி சிங் என்ற அரசர் காலத்தில் பெரிதாக்கப்பட்டது. குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊருக்கே குடிநீர் இதுதான். ஏரிக்கு மழைநீர் ஓடிவரும் நிலத்தை அவர்கள் 'ஆகோர்' என்கிறார்கள். அந்தக் காலத்தில் அந்த நிலத்தில் யாரும் அசுத்தம் செய்யக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஏரியை மட்டும் அல்ல, ஏரிக்குத் தண்ணீர் வரும் வழியையும் கோயில் பிரகாரம்போல் வைத்திருந்தார்கள்.

இன்னொன்று கேட்டு அசந்துபோனேன். அந்த ஊர்க்காரர்கள் தண்ணீருக்கு மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள். மழையாகப் பெய்து நேரே சேர்ப்பது 'பாலர் பானி'. ஆழத்தில் இருப்பது 'பாதாள் பானி'. அது பெரும்பாலும் உப்பு. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் ஜிப்சம் படுகைக்கு மேல் ஈரமாகத் தங்குவது 'ரேஜாணி பானி'. குடிக்க எது, கால்நடைக்கு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள்.

ஊருக்கு வெளியே 'கடீன்' என்ற வயல்களையும் பார்த்தோம். சரிவான பாறைநிலத்தின் கீழ்ப்பக்கம் நீளமாக மண்கரை போட்டுவிடுகிறார்கள். மழைநீர் ஓடிவந்து அங்கே தேங்கி மண்ணுக்குள் இறங்குகிறது. தண்ணீர் வடிந்ததும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைக்கிறார்கள். பாலிவால் என்ற சமூகத்தார் 15-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த முறை என்கிறார்கள். பாலைவனத்தில் பச்சை வயலைப் பார்த்ததும் எங்கள் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார். அவர் விவசாயி மகன்.

அன்று சாயங்காலம் ஏரிப் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்தோம். பேசும்போது சிரித்தான். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொண்டான். எனக்குச் சுருக்கென்றது.

நான் அப்போது வேலை பார்த்தது பென்னாகரம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். பல் விளக்காத சோம்பேறிகள் என்று நினைத்தேன். இவனை ஒருநாள் வகுப்புக்கு முன்னால் நிற்க வைத்து, "பல்லைக் காட்டு, எல்லாரும் பாருங்க" என்று சொல்லி, கையில் வேப்பங்குச்சியைக் கொடுத்து அனுப்பினேன். ஆசிரியர் பயிற்சியில் எனக்கு எத்தனையோ சொல்லிக் கொடுத்தார்கள். தண்ணீரால் பல் கறையாகும் என்று எனக்குத் தெரிந்தது பல வருடம் கழித்துத்தான்.

நம் மாவட்டத்துப் பாறையில் ஃபுளோரைடு இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு ஆழம் போகப் போக, பாறை இடுக்கில் வெகுகாலம் கிடந்த தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில் பிள்ளைகள் அதைக் குடித்தால் கறை விழுந்துவிடும். எந்தப் பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது. பல வருடம் குடித்தால் எலும்பும் மூட்டும் கெடும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது.

ஏரிப் படிக்கட்டில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க டீச்சர், அந்த வேப்பங்குச்சி நல்லாத்தான் இருந்துச்சு" என்று சிரித்தான். பிறகு அவனே சொன்னான்: "ராஜஸ்தான்ல நிறைய கிராமத்துல இதே பல்லைப் பார்த்திருக்கேன் டீச்சர். மழைத் தண்ணிய விட்டுட்டு போர் தண்ணிக்கு மாறின ஊரு எல்லாம் இப்படித்தான்." என்னைவிட அவன் நன்றாகப் பாடம் நடத்தினான்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். தர்மபுரி மாவட்டத்தில் வருடத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஜெய்சல்மேரைப்போல் நான்கு மடங்குக்கு மேல். மழைநீரில் ஃபுளோரைடு கிடையாது. அந்த நல்ல தண்ணீரைச் சாக்கடையில் விட்டுவிட்டு, நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழே இருக்கும் கெட்ட தண்ணீருக்குக் கடன் வாங்கி போர் போடுகிறோம். வறண்ட ஊர் அவர்களுடையதா, நம்முடையதா?

"டீச்சர், அதான் ஒகேனக்கல் தண்ணி வந்துடுச்சே" என்பீர்கள். ஜப்பான் நிதியுதவியோடு அந்தத் திட்டம் 2013-ல் வந்தது. அது எத்தனை பிள்ளைகளின் பல்லைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் தண்ணீர் வராத நாளில் நம் கை எங்கே போகிறது? மறுபடியும் போர் மோட்டார் சுவிட்சுக்குத்தான்.

ஜெய்சல்மேர்க்காரர்கள் எல்லாம் சரியாகச் செய்கிறார்கள் என்றும் நான் சொல்லவில்லை. அந்தக் கோட்டை 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளே இன்னும் மக்கள் குடியிருக்கிறார்கள், ஓட்டல்களும் நிறைய. மழை குறைந்த இடத்துக்கென்று கட்டிய கோட்டை அது. குழாய் வந்ததும் கழிவுநீர் அடிமண்ணில் இறங்கி, சுவர்கள் இளகிச் சில இடங்களில் சரிந்தும் இருக்கின்றன. தண்ணீர் இல்லாத காலத்தைத் தாண்டிய கோட்டைக்கு, தண்ணீர் தாராளமாக வந்த காலம்தான் ஆபத்தாகிவிட்டது. அதனால் நீங்கள் போனால் கோட்டைக்கு வெளியே தங்குங்கள்.

கட்டாயம் போங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். இரவில் நன்றாகக் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். பிள்ளைகளை ஒட்டகத்தில் ஏற்றுங்கள், மணலில் உருளவிடுங்கள். அதோடு ஒரு அரைநாள் ஒதுக்கி ஏரியையும் கடீன் வயலையும் காட்டுங்கள். ஜீப் சாகசம் அரை மணி நேரம். அவ்வளவு கொஞ்சம் மழையில் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்திருப்பதுதான் என் கணக்கில் பெரிய சாகசம்.

ஊர் திரும்பியதும் எங்கள் வீட்டு மழைநீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தேன். 2003-ல் சட்டம் வந்தபோது அவசரமாகக் கட்டியது. உள்ளே தேங்காய் மட்டையும் சிமெண்ட் சாக்கும்! இத்தனை வருடம் சுதந்திர தினம்தோறும் பிள்ளைகளிடம் மழைநீர் சேகரிப்பு பற்றிக் கட்டுரைப் போட்டி நடத்தியவள் நான்.

இப்போது சுத்தம் செய்து, ஜல்லியும் மணலும் புதிதாகப் போட்டாயிற்று. நீங்களும் உங்கள் வீட்டுத் தொட்டியைத் திறந்து பாருங்கள். போர் தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்றால் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய் ஃபுளோரைடு பரிசோதனை செய்துவிடுங்கள். வீட்டில் எட்டு வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால் நாளைக்கே செய்யுங்கள்.

அந்த வகுப்பில் என்னிடம் வேப்பங்குச்சி வாங்கிய மற்ற பிள்ளைகளும் இதைப் படிக்கலாம். உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். தர்மபுரி பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். கையால் மூடாமல் சிரியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்