தமிழ் படித்து என்ன பயன்?

"கணக்கைப் பார், விஞ்ஞானத்தைப் பார். தமிழைத் தேர்வுக்கு முந்திய இரவு பார்த்துக் கொள்ளலாம்." பத்தாம் வகுப்பில் இருக்கும் நாங்கள் எல்லோரும் வீட்டில் கேட்கும் சொல் இது. எங்கள் நன்மையைக் கருதியே பெற்றோர் சொல்கிறார்கள். ஆயினும் இதை நாங்கள் ஒப்புக்கொள்வதற்கில்லை.

இந்தப் பேச்சு புதிதுமன்று. 1855-ஆம் ஆண்டு பிறந்த உ.வே. சாமிநாதையரும் இதைக் கேட்டவரே. ஆங்கிலம் படித்தால் இம்மைக்கு நல்லது, வடமொழி படித்தால் மறுமைக்கு நல்லது, தமிழால் இரண்டும் இல்லை என்றார்களாம். இசைவாணரான தந்தையிடம் பொருள் இல்லை. ஆனாலும் மகனுக்காக ஊர் ஊராய் ஆசிரியர் தேடினார். முடிவில் கிடைத்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

பிள்ளையவர்கள் சைவர். அவரிடம் சாமிநாதையரோடு பயின்ற சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர். 1876-இல் ஆசிரியரின் உயிர் பிரிந்தபோது அவரைத் தாங்கியிருந்தவர் சவேரிநாத பிள்ளை. அருகில் திருவாசகம் படித்தவர் சாமிநாதையர். இந்த ஒரு காட்சிக்காகவே 'என் சரித்திரம்' நூலை ஒவ்வொரு வகுப்பிலும் வைக்கலாம்.

பின்னர் 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர் என்று கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று இவர் அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை! அதைப் படிக்கத் தொடங்கினால் சமணச் சொற்கள் விளங்கவில்லை. சமணர் வீடுகளைத் தேடிப் போனார். ஒரு வீட்டு வாசலில் கோலமும் மாவிலைத் தோரணமுமாக இருந்தது. என்ன விசேஷம் என்று கேட்டார். ஆறு மாதமாகப் படித்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியதாம்! அதற்குத்தான் அந்தத் தோரணம். தோழியரே, நம் வீடுகளில் ஒரு நூலைப் படித்து முடித்ததற்காக யாராவது கோலம் போட்டதுண்டா? தொலைக்காட்சித் தொடரை மட்டும் ஆண்டுக்கணக்கில் தவறாமல் பார்க்கிறோம்.

சிந்தாமணி 1887-இல் அச்சேறியது. அவருக்கு ஐயம் தீர்த்த சமணர்களுள் வீடூர் அப்பாசாமி நயினாரும் ஒருவர். எந்த வீடூர்? விடுமுறையில் அணை பார்க்கப் போகிறோமே, அதே வீடூர்தான். தமிழ்ச் சமணர்களின் மடம் இருப்பதும் வெகு தூரத்தில் அன்று. நம் வல்லத்திற்கு அருகே, மேல்சித்தாமூரில். இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தமிழ் என்றால் இரண்டு மதிப்பெண் வினா என்று நினைத்திருக்கிறோம்.

எங்களுள் பலர் செவிலியராக விரும்புகிறோம். அதற்கு விஞ்ஞானம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் செஞ்சி ஆஸ்பத்திரிக்கு வரும் பாட்டி தன் நோவை எந்த மொழியில் சொல்வாள்? குடைச்சல், குத்தல், கடுப்பு, எரிச்சல் என்று அவள் பிரித்துச் சொல்வதன் வேறுபாடு நமக்குத் தெரிய வேண்டாமா?

சுற்றுலா என்றால் மாமல்லபுரம், இல்லையேல் புதுச்சேரி. இம்முறை ஒரு நாள் மேல்சித்தாமூருக்கும் வீடூருக்கும் அழைத்துச் செல்லுமாறு அருட்சகோதரியரை வேண்டுகிறோம். செலவும் குறைவு, மாலை ஜெபத்திற்குள் திரும்பி விடலாம்.