திரைக்குப் பின்னால் சுவர்

மகள் சிங்கப்பூரில் இரண்டு தோழிகளோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். அங்கே போய் நான் படுக்க முடியாது. "தேக்காவிலயே ஹோட்டல் போட்டுட்டேன்பா. விலையும் கம்மி, பாக்கவும் அழகா இருக்கு" என்றாள். சரி என்று திருச்சியில் விமானம் ஏறினேன்.

அழகாகத்தான் இருந்தது. செராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு பழைய கடைவீடு. பச்சை மரச்சட்டங்கள், பூப்போட்ட தரை ஓடுகள். பித்தளை டிபன் கேரியர்களைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு விளக்காக்கியிருந்தார்கள். என் கட்டிலுக்கு மேல் பெரிய எருமை ஓவியம். ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்த வட்டாரம் அது. அங்கே கெர்பாவ் சாலை என்றொரு தெரு இருக்கிறது, மலாயில் கெர்பாவ் என்றால் எருமை. கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே பக்கவாட்டில்தான் நடக்க முடிந்தது. அதில் எனக்குக் குறையில்லை, கொடுத்த காசுக்கு அந்த இடம் போதும்.

எருமைக்கு எதிரே வெள்ளைத் திரை ஒன்று தொங்கியது. படுக்கும் முன் விலக்கிப் பார்த்தேன். பின்னால் சுவர். சுவரில் மரச்சட்டம் அடித்து, பால் கண்ணாடி பொருத்தி, உள்ளே ஒரு விளக்கு வைத்திருந்தார்கள்.

ஜவுளிக்கடையில் 35 வருஷம் கணக்கெழுதியவன் நான், அலாரம் வைத்துப் பழக்கமில்லை. விழித்தேன், இருட்டு. திரும்பப் படுத்தேன். மறுபடி விழித்தேன், அதே இருட்டு. கைபேசியைத் தேடி எடுத்தால் மணி பத்தரை. வீரமாகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போக எட்டு மணிக்கே வந்த மகள், அப்பா தூங்கட்டும் என்று கீழே உட்கார்ந்திருந்தாள்.

பதிவு செய்த பக்கத்தை இருவரும் திறந்து பார்த்தோம். படத்தில் அந்தத் திரை, காலை வெயில் பட்டது போல ஜொலிக்கிறது. 'ஜன்னல் இல்லை' என்ற சொல் எங்கே என்று தேடினால், ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் தாண்டி அடியில் கிடக்கிறது. என் சண்டை இதோடுதான். ஜன்னல் இல்லாத அறையைக் குறைந்த விலைக்குத் தாராளமாக விற்கட்டும். இரவு வந்து விடியுமுன் கிளம்புகிறவருக்கு அது லாபம். ஆனால் விலையைப் போட்ட அதே பெரிய எழுத்தில் அதையும் போட வேண்டும். பொய் ஜன்னலுக்குத் திரை மாட்டிப் படம் எடுப்பதை அலங்காரம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடைவீட்டைக் கட்டியவர்கள் வெளிச்சத்துக்கு வழி வைத்தவர்கள். அகலம் குறைவு, நீளம் அதிகம், இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். அதனால் நம் வீட்டு முற்றம் மாதிரி நடுவில் திறந்த வெளி விட்டார்கள். வாசலில் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க அஞ்சடி நடைபாதை; அது 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே உண்டு. 1989இல் தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியாவைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள், முகப்புகள் பிழைத்தன. நான் தங்கிய இடத்தில் முற்றத்தின் மேல் கண்ணாடி போட்டு, மூன்று பூந்தொட்டி வைத்திருந்தார்கள். முழுக் கட்டடத்திலும் எனக்குப் பகல் தெரிந்தது அங்கே மட்டும்தான். தமிழ் முரசை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து படித்தேன்.

"தூங்கத்தானேப்பா ரூம்? கீழ இறங்குனா தேக்கா இருக்கே" என்றாள் மகள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 1947 முதல் நடக்கும் கோமள விலாஸில் தோசையைத் தின்றுவிட்டு வெளியே வந்தால் மல்லிகைச் சரமும் தேங்காயும் விற்கிற தெருவில் யாருக்கு அறை ஞாபகம் வரும்?

இருந்தாலும் ஞாயிறன்று 20 வெள்ளி கூடக் கொடுத்துத் தெருப் பக்கத்து அறைக்கு மாறினேன். எருமை இல்லை, திரையும் சாயம் போனது. இரவு பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்தேன். கீழே அஞ்சடியில் விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பவிருந்த தொழிலாளர்கள். ஒரு பையன் கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்து யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான்: "இங்க இப்பதான் மழ விட்டுச்சு. நம்மூர்ல பேயிதா?"