திவாலான கம்பெனியின் வக்கீல் யாருடைய வக்கீல்?

ஒரே வழக்கில் வாதிக்கும் பிரதிவாதிக்கும் வக்காலத்து வாங்கும் வக்கீலை எந்தக் கோர்ட்டும் ஒரு நாள்கூடச் சகித்துக்கொள்ளாது. ஆனால் பெரிய கம்பெனியொன்று திவாலாகும்போது வாதி யார், பிரதிவாதி யார் என்பதே தெளிவாகத் தெரிவதில்லை. இருக்கும் சொத்து ஒன்று. அதன்மேல் பாத்தியதை கொண்டாடுவோர் ஆயிரம் பேர். ஈடு பெற்றுக் கடன் கொடுத்த பாங்கி ஒருபுறம். சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் சிறு வியாபாரி ஒருபுறம். சம்பள பாக்கிக்கு நிற்கும் தொழிலாளி மற்றொருபுறம். ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறையும். இந்நிலையில் திவாலான கம்பெனிக்காக ஆஜராகும் வக்கீல், அதன் டைரக்டர்களுக்கு மட்டும் வக்கீலல்லர். எஞ்சிய சொத்து முழுமைக்கும், அதன் மூலம் கடன் கொடுத்தோர் அனைவருக்கும் பொறுப்பாளியாகிறார். அவர்களில் ஒருவரோடு அவருக்கு மறைவான சம்பந்தம் இருக்குமானால், நஷ்டம் யார் தலையில் விடியும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

இவ்விஷயத்தில் அமெரிக்காவின் அனுபவம் நீண்டது, கசப்பானதுங்கூட. 2016-ல் நம் தேசமும் புதிய திவால் சட்டமொன்றை இயற்றிக்கொண்டிருப்பதால், அவ்வனுபவத்தை நாம் கூர்ந்து கவனித்தல் அவசியமாகிறது.

1929-ம் வருஷத்துப் பங்குச் சந்தை வீழ்ச்சிக்குப் பின் அத்தேசத்தில் கம்பெனிகள் வரிசையாகச் சாய்ந்தன. அவற்றைப் புனருத்தாரணம் செய்வதாகக் கிளம்பிய கமிட்டிகளை விசாரிக்கும் பொறுப்பு, பின்னாளில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியான வில்லியம் டக்ளஸிடம் ஒப்படைக்கப்பட்டது. கம்பெனியை நடத்தியவர்களும், அதன் பத்திரங்களைப் பொதுஜனங்களுக்கு விற்ற பாங்கர்களும், இவ்விருசாராருடைய வக்கீல்களுமே புனருத்தாரணத்தையும் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, அதற்கும் பீஸ் வாங்கியதை அவ்விசாரணை அம்பலப்படுத்திற்று. அதன் பயனாக 1938-ல் சாண்ட்லர் சட்டம் பிறந்தது. பெரிய கம்பெனி திவாலானால் எப்பக்கமும் சாராத தர்மகர்த்தா ஒருவரைக் கோர்ட்டே நியமிக்க வேண்டுமென்று அது விதித்தது. 1941-ல் டக்ளஸே எழுதிய ஒரு தீர்ப்பில், முரண்பட்ட நலன்களுக்கு உழைத்தவருக்குப் பீஸ் மறுக்கப்படலாம் என்றும், அதற்கு மோசடி நடந்ததாக ருசுப்படுத்த வேண்டியதில்லை என்றும் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று.

இந்தக் காவல் நாற்பது வருஷம் நின்றது. 1978-ல் வந்த புதிய சட்டம் தர்மகர்த்தாவை விதிவிலக்காக்கிவிட்டது. திவாலான கம்பெனியின் நிர்வாகிகளே சொத்தைத் தம் வசம் வைத்துக்கொண்டு காரியங்களை நடத்தலாம். தம் வக்கீலைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். கோர்ட்டு அங்கீகரித்தால் போதும். அவருடைய பீஸோ, ஈடில்லாமல் கடன் கொடுத்தவர்களுக்கு ஒரு காசு போய்ச் சேருமுன்னரே, எஞ்சிய சொத்திலிருந்து கொடுபட வேண்டும். இதற்கு ஈடாகச் சட்டம் விதித்த நிபந்தனை ஒன்றே. வக்கீல் எப்பக்கமும் சாராதவராயிருக்க வேண்டும். கம்பெனியோடும், கடன் கொடுத்தோரோடும், அவர்களுடைய வக்கீல்களோடும் தமக்குள்ள சகல சம்பந்தங்களையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். தர்மகர்த்தா இருந்த இடத்தில் ஒரு காகிதம் வந்து அமர்ந்தது. அக்காகிதத்தை எழுதுகிறவர், அதில் எழுதுவதைக் கொண்டே வேலை கிடைக்குமா நழுவுமா என்று காத்திருக்கும் வக்கீல்.

இதன் விளைவை விஸ்கான்ஸின் மாகாணத்துப் பியூசைரஸ்-ஈரி கம்பெனியின் வழக்கில் காணலாம். சுரங்க வேலைக்கான ராட்சத மண்வாரி யந்திரங்களைச் செய்தது அக்கம்பெனி. பனாமா கால்வாயைத் தோண்டியவற்றில் அதன் யந்திரங்களும் உண்டு. 1994 பிப்ரவரியில் அது திவால் கோர்ட்டை அடைந்தது. அதற்கு ஆஜரானது நியூயார்க்கின் மிகப் பெரிய வக்கீல் ஸ்தாபனங்களுள் ஒன்றாகிய மில்பாங்க் ட்வீட். அதன் பங்காளி ஜான் கெல்லீன் என்பவர் பிரமாணப் பத்திரத்தைத் தாக்கல் செய்தார். அரசாங்கத்தின் திவால் மேற்பார்வையாளர் ஆட்சேபித்ததன் பேரில், இன்னும் சில சம்பந்தங்களைக் கூறி இரண்டாவது பத்திரமும் கொடுத்தார். இரண்டிலும் ஒரு பெயர் இல்லை. ஈடு பெற்று ஏறக்குறைய 3½ கோடி டாலர் கடன் கொடுத்திருந்த சௌத் ஸ்ட்ரீட் என்ற முதலீட்டு நிதியை நடத்தியவர்களுக்கும், அதே சமயத்தில் மில்பாங்க் ஸ்தாபனமே வேறு காரியங்களில் வக்கீலாயிருந்தது!

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். சௌத் ஸ்ட்ரீட் கொடுத்த கடன் நியாயமானதா, அதன் ஈடு சட்டப்படி செல்லுமா, அதை எதிர்த்து வழக்காடி ஈடில்லாதவர்களுக்குக் கொஞ்சம் மீட்க முடியுமா என்பவற்றை ஆராய வேண்டியது கம்பெனி வக்கீலின் முதற்கடமை. தம் ஸ்தாபனத்தின் கட்சிக்காரர்மீது வழக்குத் தொடரும்படி அவர் யோசனை சொல்வார் என்று யார் நம்புவார்? வேலியே பயிரை மேய்ந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. கெல்லீன் ஒரு டாலரையும் திருடவில்லை. ஆனால் பயிருக்கு வேலியே இல்லை என்பது அவ்வூரார் எவருக்கும் தெரியாமற்போயிற்று.

உண்மை வெளிவந்தது திட்டம் முடிந்து, பீஸும் கைமாறிய பிறகுதான். அதை வெளிக்கொணர்ந்தது கோர்ட்டுமன்று, அரசாங்கமுமன்று; தன் பங்குக்காக இடைவிடாது போராடிய ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி. 18 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பீஸை மில்பாங்க் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. கெல்லீனுக்கு 1998-ல் 15 மாதச் சிறைத் தண்டனையும் 15,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மறுவருஷம் அப்பீலிலும் அவை உறுதியாயின. ஒரு வக்கீல் சிறைக்குச் சென்றதைக் கண்டு பலர் நியாயம் ஜயித்ததாக மகிழ்ந்தனர். நாம் அவ்வாறு மகிழ்வதற்கில்லை. பெருந்தொகை முடங்கிக் கிடந்த ஒரு கம்பெனி, தன் சொந்த வக்கீல்களை வைத்துத் துருவியபடியால் இது அகப்பட்டது. அத்தகைய எதிராளி இல்லாத வழக்குகளில் எத்தனை பத்திரங்கள் எத்தனை பெயர்களை விழுங்கின என்பதை யார் கண்டார்?

2023 அக்டோபரில் டெக்ஸாஸின் ஹூஸ்டன் நகரத்தில் வெடித்த விவகாரமும் இதையே காட்டுகிறது. பெரிய கம்பெனிகள் பலவும் நாடிச் சென்ற திவால் கோர்ட்டின் நீதிபதி டேவிட் ஜோன்ஸ், அங்கே வழக்குகள் நடத்திய வக்கீல் ஸ்தாபனமொன்றின் பங்காளியாயிருந்த பெண்மணியுடன் ஒரே வீட்டில் வசித்து வந்தது வெளியாயிற்று. அவர் பதவியை ராஜிநாமாச் செய்தார். மேற்பார்வையாளர் பல வழக்குகளில் பீஸைத் திருப்பிக் கேட்டு மனுப் போட்டார். இதைக் கிளப்பியவர் யார்? திவாலான ஒரு கம்பெனியில் பங்கு வைத்திருந்த தனி மனிதர் ஒருவர்.

எதிர்ப்பக்கத்து வாதத்தையும் நாம் ஒதுக்கவில்லை. ஆயிரக்கணக்கான கோடி புரளும் வழக்கை நடத்தவல்ல ஸ்தாபனங்கள் சிலவே. அவற்றுக்கு எல்லாப் பாங்கிகளோடும் பழைய பழக்கம் இருக்கும். பழக்கத்தையே குற்றமாக்கினால் வக்கீலே அகப்படமாட்டார் என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. 2022 நவம்பரில் வீழ்ந்த எப்.டி.எக்ஸ். என்னும் கிரிப்டோ நாணயச் சந்தையின் வழக்கே சாட்சி. அதற்குத் திவாலுக்கு முன்னரே யோசனை கூறிப் பீஸ் பெற்றிருந்த ஸல்லிவன் அண்ட் க்ராம்வெல் ஸ்தாபனமே திவாலிலும் வக்கீலாயிற்று. ஸெனேட்டர்கள் நால்வர் ஆட்சேபித்தனர். டெலவேர் கோர்ட்டு 2023 ஜனவரியில் நியமனத்தை அங்கீகரித்தது. சுயேச்சையான விசாரணையாளர் வேண்டுமென்ற மேற்பார்வையாளரின் மனுவைச் செலவைக் காட்டித் தள்ளிற்று. 2024 ஜனவரியில் அப்பீல் கோர்ட்டு, விசாரணையாளரை நியமித்தே தீர வேண்டும் என்றது. அவ்வருஷம் மே மாதத்தில் வெளியான அவருடைய அறிக்கையோ பெரும்பாலும் ஸ்தாபனத்துக்கு அனுகூலமாகவே இருந்தது.

பார்த்தீர்களா, சந்தேகம் வீண்தானே என்பார்கள். நாம் கேட்பது வேறு. நான்கு மாதத்தில் தீர்ந்த சந்தேகத்தைப் பதினெட்டு மாதம் ஊறவிட்டது எதற்காக? முதல் மாதத்திலேயே விசாரித்திருந்தால் ஸ்தாபனத்தின் பெயரும் காப்பாற்றப்பட்டிருக்கும். பணத்தை இழந்து நின்ற லட்சக்கணக்கானோரின் மனமும் ஆறியிருக்கும். பழக்கம் குற்றமன்று, அதைச் சோதிக்க ஆளில்லாமை குற்றம். வேலையை நாடும் வக்கீலின் வாய்மொழியோடு கோர்ட்டு நின்றுவிடாமல், அவ்வழக்கில் ஒரு காசும் வரவேண்டியிராத ஒருவரைக் கொண்டு முதல் நாளிலேயே அதைச் சரிபார்க்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

நம் தேசத்தில் நிலைமை என்ன? 2016-ம் வருஷச் சட்டப்படி டைரக்டர்களின் அதிகாரம் நிறுத்தி வைக்கப்பட்டு, தீர்வு அதிகாரி ஒருவர் கம்பெனியை ஏற்கிறார். அமெரிக்காவைவிட இது மேல் என்றே முதலில் தோன்றும். ஆனால் அவ்வதிகாரியைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்பதை ஓட்டெடுத்து முடிவு செய்வது, பெரும்பாலும் பாங்கிகளே நிறைந்த கடன் கொடுத்தோர் கமிட்டி. சரக்குக் கொடுத்த சிறு வியாபாரிக்கும் சம்பளம் வரவேண்டிய தொழிலாளிக்கும் அதில் சாதாரணமாக ஓட்டில்லை. அவ்வதிகாரி அமர்த்தும் வக்கீலின் பீஸோ, அமெரிக்காவிற் போலவே, அவர்களுக்கு முன்பாகக் கொடுபடுகிறது. ஒரு பாங்கிக்கு வருஷக்கணக்காய் வக்கீலாயிருந்த ஸ்தாபனமே, அப்பாங்கி தலைமை தாங்கும் கமிட்டியின்கீழ் அதிகாரிக்கும் வக்கீலாகுமானால், பாங்கியின் ஈட்டை ஆராய்ந்து குறை கூறப்போகிறவர் யார்?

தீர்வு அதிகாரியும், அவர் அமர்த்துகிறவர்களும் தங்கள் சம்பந்தங்களைத் தெரிவிக்க வேண்டுமென்று 2018-ல் திவால் போர்டு உத்தரவிட்டிருக்கிறது. நல்லதே. ஆனால் அமெரிக்காவிலும் குறைவாயிருந்தது உத்தரவன்று. தெரிவித்தது முழு உண்மைதானா என்று போர்டே ஆளனுப்பிச் சோதிக்க வேண்டும். மறைத்தது தெரிந்தால், நஷ்டம் விளைந்ததா இல்லையா என்ற ஆராய்ச்சியின்றி முழுப் பீஸும் சொத்துக்குத் திரும்ப வேண்டும். கமிட்டியில் ஓட்டில்லாத வியாபாரிகளுக்கும் தொழிலாளர்களுக்கும், அவர்கள் படிக்கக்கூடிய பாஷையில், அப்பத்திரத்தின் நகல் முதல் மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.