ஏணி எட்டாத உயரம்

“ஐயா, தீயணைக்கும் படையினரின் ஏணி எத்தனையாவது மாடி வரையில் எட்டும்?”

வகுப்பிலே நீராவி யந்திரத்தைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் திடீரென இவ்வாறு வினவினான். பாடத்துக்கும் வினாவுக்கும் தொடர்பில்லை என எண்ணி ஏனையோர் நகைத்தனர். தொடர்பு உண்டு, ஆனால் விடை ஒரு வரியில் அடங்குவதன்று. நியூயோர்க் நகரத்துத் தீயணைக்கும் படையின் சரித்திரத்தை அறிந்தால் மட்டுமே அது விளங்கும். அம்மாணவனுக்குச் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்லலாம் எனக் கருதுகின்றேன்.

வாளியும் கைப்பம்பியும்

நியூயோர்க் நகரம் ஒல்லாந்தர் ஆட்சியில் நியூ அம்ஸ்டர்டாம் என வழங்கியது. அக்காலத்து வீடுகள் பல மரத்தாலானவை. புகைபோக்கிகளும் மரத்தாலேயே செய்யப்பட்டன. 1648ஆம் ஆண்டிலே தேசாதிபதி பீற்றர் ஸ்டைவசன்ட் மரப் புகைபோக்கிகளைத் தடைசெய்து, அவற்றைப் பார்வையிடக் காவலரை நியமித்தார். புகைபோக்கியைத் துப்புரவாக வைத்திராதவர் தண்டம் செலுத்த வேண்டும். அப்பணத்தைக் கொண்டு ஏணிகளும் தோல் வாளிகளும் எரியும் கூரையைப் பிடித்திழுக்கும் கொக்கிகளும் வாங்கப்பட்டன. நகரத்தின் முதல் ஏணிகள் கவலையீனத்துக்கு விதித்த தண்டப் பணத்தில் வந்தவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1731ஆம் ஆண்டிலே இலண்டனிலிருந்து இரண்டு கைப்பம்பிகள் கப்பலில் வந்து சேர்ந்தன. நியூஷம் என்பவர் அமைத்த அப்பம்பி, பார்வைக்குச் சக்கரம் பூட்டிய நீண்ட மரத்தொட்டி போன்றது. தொட்டிக்குள்ளே இரண்டு உருளைகள். இருபுறமும் ஆட்கள் நின்று நீண்ட கைபிடிகளை மாறி மாறி அழுத்த, உருளைகளிலுள்ள முசலங்கள் மாறி மாறி நீரைத் தள்ளும். இடையிலே காற்றடைத்த ஓர் அறை இருந்தது. நீரால் நெருக்குண்ட காற்று மீண்டும் விரிந்து தள்ளுவதனால், நீர்த்தாரை விட்டுவிட்டுப் பாயாமல் ஒரே சீராகப் பாய்ந்தது. விஞ்ஞானம் கற்கும் மாணவர் இந்த எளிய உபாயத்தை வியந்து போற்றுவர். ஆயினும் தொட்டியை நிரப்பியது வரிசையாக நின்ற மக்கள் கைமாற்றிய வாளிகளே.

1835ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் திகதி இரவு இப்பம்பிகளின் வலிமையை இயற்கை சோதித்தது. ஆறு உறைந்து கிடந்தது. பனிக்கட்டியை வெட்டி நீரெடுத்தால், அந்நீர் குழாய்க்குள்ளேயே உறைந்தது. இறுதியில் வெடிமருந்து வைத்துக் கட்டடங்களைத் தகர்த்தே தீயின் வழியை மறித்தனர். ஏறத்தாழ 700 கட்டடங்கள் அழிந்தன. இதன் பின்னரே நகருக்குத் தொலைவிலிருந்து குழாய் வழியாக நீர் கொண்டுவரும் பெருவேலை விரைவு பெற்று, 1842ஆம் ஆண்டிலே குரோட்டன் ஆற்று நீர் நகரை அடைந்தது.

நீராவியும் குதிரையும்

மனிதக் கைகள் களைத்துப் போகும், நீராவி களைப்பதில்லை. 1829ஆம் ஆண்டிலேயே இலண்டனில் பிரெய்த்வெயிற் என்பவர் நீராவித் தீயணைப்பு யந்திரம் ஒன்றை அமைத்துக் காட்டினார். 1841ஆம் ஆண்டிலே நியூயோர்க்கிலும் ஹொட்ஜ் என்பவர் ஒன்றை ஆக்கினார். இரண்டையும் தீயணைப்போரே விரும்பவில்லை. நியூயோர்க்கில் அந்நாளிலே தீயணைத்தோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். தத்தம் குழுவின் பம்பியை இழுத்துக்கொண்டு தெருவில் ஓடுவது அவர்களுக்குப் பெரும் பெருமை. முதலில் வந்து நீர்க்குழாயைப் பிடிப்பவர் யார் என்ற போட்டி கைகலப்பில் முடிந்ததும் உண்டு. யந்திரம் வந்தால் தம் தோள்வலிக்கு மதிப்பில்லாது போகும் என அவர்கள் அஞ்சினர். அவர்களுடைய வீரத்தைக் குறைகூற முடியாது. ஆனால் தீ பெருமை பார்ப்பதில்லை.

1853ஆம் ஆண்டிலே சின்சினாட்டி நகரம் நீராவி யந்திரத்தை ஏற்று, ஊதியம் பெறும் படையை அமைத்தது. நியூயோர்க் 1865ஆம் ஆண்டிலே அவ்வழியைப் பின்பற்றியது. அதன் பின்பு குதிரைகளின் காலம். நிலையத்திலிருந்த வெந்நீர் குழாய் மூலம் யந்திரத்தின் கொதிகலத்தை எப்போதும் சூடாக வைத்திருந்தது. மணி ஒலித்ததும் குதிரைகள் தாமாகவே வந்து வண்டியின் முன் நிற்கும். மேலே தொங்கும் பூட்டுவார்கள் அவற்றின் முதுகில் இறங்கும். வண்டி நகர்ந்ததும் வெந்நீர்க் குழாய் கழன்றுவிடும்; கொதிகலத்தின் அடியில் தீ மூட்டப்படும். தீயை அணைக்கப் போகும் வண்டி தன் வயிற்றிலே தீயைச் சுமந்து சென்றது!

ஏணியின் கதை

பம்பி வளர்ந்த வேகத்தில் ஏணி வளரவில்லை. 1868ஆம் ஆண்டிலே சான் பிரான்சிஸ்கோவில் டானியல் ஹேஸ் என்பவர் வண்டியின் மீதே நின்று நிமிரும் ஏணியை ஆக்கினார். திருகாணி ஒன்றை ஆட்கள் சுழற்ற, ஏணி மெல்ல எழுந்து 85 அடி வரை நீளும். வண்டி மிக நீளமானதால், பின் சக்கரங்களைத் திருப்பப் பின்னால் இன்னொருவர் அமர்ந்திருப்பார். நியூயோர்க்கோ 1875ஆம் ஆண்டிலே வேறொரு வகை ஏணியைச் சோதித்தது. ஏறத்தாழ நூறடி உயரத்துக்கு நிமிர்ந்த அது முறிந்து, அதிலேறிய தீயணைப்போர் மூவர் விழுந்து மாண்டனர். நிமிரும் ஏணி என்றாலே அந்நகரம் பல ஆண்டுகள் அஞ்சியது.

இதற்கிடையில் உருக்குச் சட்டங்களும் மின்தூக்கியும் வந்து, கட்டடங்கள் வானை நோக்கி எழுந்தன. 1911ஆம் ஆண்டு மார்ச் 25ஆந் திகதி, சனிக்கிழமை மாலை, அஷ் கட்டடம் எனப்பட்ட பத்து மாடிக் கட்டடமொன்றில் தீப்பற்றியது. அதன் மேல் மூன்று மாடிகளில் முக்கோணச் சட்டைத் தொழிற்சாலை இருந்தது. அங்கே தைத்துப் பிழைத்தோருட் பெரும்பாலோர் பிறநாட்டிலிருந்து வந்த இளம் பெண்கள். தீயணைக்கும் படை விரைந்தே வந்தது. ஏணி நிமிர்ந்தது, ஆறாம் மாடியோடு நின்றுவிட்டது. ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது. வெளிப்புற இரும்புப் படி பாரந் தாங்காது இடிந்து விழுந்தது. சாளரங்களிலிருந்து குதித்தவர்களைத் தாங்க விரித்த வலைகள் கிழிந்தன. 146 பேர் உயிர் நீத்தனர். கட்டடமோ தீக்குத் தாக்குப்பிடித்து நின்றது, இன்றும் நிற்கின்றது.

மாணவர்களே, இங்கே சற்று நில்லுங்கள். ஏணி குறுகியது என்பது ஒரு காரணம். ஆனால் கதவு திறந்திருந்தால், ஏணியை எதிர்பார்த்துச் சாளரத்தில் நின்றோர் எத்தனை பேர் படியிறங்கி வீடு சேர்ந்திருப்பர்!

அவ்வனர்த்தத்தைத் தெருவில் நின்று கண்டோருள் பிரான்சிஸ் பேர்க்கின்ஸ் என்ற இளம் பெண்ணும் ஒருவர். 1933ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் முதற் பெண் மந்திரியாகித் தொழிலாளர் நலனைக் காத்தவர் அவரே. படைத் தலைவராயிருந்த எட்வேட் குரோக்கர் அதே ஆண்டிற் பதவியைத் துறந்து, தீ வராது தடுக்கும் தொழிலையே மேற்கொண்டார். விசாரணைக் குழு அமைந்தது, சட்டங்கள் பிறந்தன. வேலை நேரத்திற் கதவைப் பூட்டலாகாது, தீப்பயிற்சி நடத்தவேண்டும், உயர்ந்த தொழிற்சாலைகளில், வெப்பம் மிகும்போது தாமே திறந்து நீர் சொரியும் குழாய்களைக் கூரையிற் பொருத்தவேண்டும். இவையெல்லாம் ஏணி கற்பிக்காத பாடங்கள்.

ஓட்டமும் எல்லையும்

அதே 1911இல் நியூயோர்க்கில் மோட்டார்ப் பம்பி ஓடத் தொடங்கியது. 1922ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆந் திகதி புரூக்ளினில் குதிரை வண்டி இறுதி முறையாக ஓடியது. 1965ஆம் ஆண்டிலே நிமிடத்துக்கு 8,800 கலன் நீரை மிகுந்த அழுத்தத்துடன் தள்ளும் இராட்சதப் பம்பி வந்தது. ஏணியோ ஏறத்தாழ நூறடியளவிலேயே நிற்கின்றது. அதற்கு மேல் நீண்டால் வண்டி தெருவில் திரும்புவதும் ஏணி காற்றில் நிலைகொள்வதும் கடினமாகும்.

1945ஆம் ஆண்டிலே எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 79ஆம் மாடியில் விமானம் மோதியபோது, தீயணைப்போர் மின்தூக்கியில் இயன்றவரை சென்று, பின் படியேறி, கட்டடத்தின் சொந்த நீர்க்குழாயினால் தீயை அணைத்தனர். 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆந் திகதி உலக வர்த்தக மையத்தில் நியூயோர்க் தீயணைக்கும் படையினர் 343 பேர் மாண்டனர். ஏணி எட்டாத உயரத்துக்கு மனிதன் தன் கால்களாலேயே ஏறிச் சென்றான்.

மாணவனின் வினாவுக்கு விடை இதுதான். ஏணி ஏழு, எட்டு மாடி வரையில் எட்டும்; அதுவும் வண்டி சுவரருகே நிற்க இடமிருந்தால் மட்டுமே. அதற்கு மேல் நம்மைக் காப்பவை கட்டியவரின் நேர்மையும் திறந்த கதவுமே. இன்று மாலை உங்கள் வீட்டிலும் நாளை உங்கள் பள்ளியிலும், வெளியேறும் வழியிற் பூட்டு தொங்குகின்றதா, பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். அதற்கு எந்த யந்திரமும் வேண்டியதில்லை.